தோட்டம் தோட்டமாக ஒரு கைரேகை

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த முதல் இரண்டு தலைமுறைத் தமிழர்கள் எழுதிவைத்துப் போன தாள்கள் மிகக் குறைவு. ரேகை வைத்துப் போன தாள்களே அதிகம். சம்பள நாளில் தோட்டத்து எழுத்தரான கிராணி நீட்டிய பேரேட்டில், பெயருக்கு எதிரே ஊதா மையில் ஒரு கட்டைவிரல். அவசரகாலத்தில் கொடுத்த அடையாள அட்டையில் ஒரு கட்டைவிரல். கடன் பத்திரம், பிள்ளையின் பிறப்புப் பதிவு, நிலம் கேட்டு எழுதிய மனு என்று 'இவர்தான் அவர்' என நிரூபிக்க வேண்டியிருந்த இடத்திலெல்லாம் அந்த ஓர் அங்குலச் சுழி. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மைகார்டு அடையாள அட்டையைக் கருவியில் செருகிவிட்டு, சின்னக் கண்ணாடிச் சில்லின் மேல் அதே விரலை அழுத்துகிறார்கள்.

இந்த ரேகை மலைக்கு வந்த வழி நெடியது. கடல் கடந்து, சட்டப் புத்தகம் ஏறி, பல ஊர்களில் அடியும் வாங்கி வந்து சேர்ந்தது. அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், இந்தியாவில் ஒரு கொலை வழக்கில் அது முதன்முதலாகச் சாட்சி சொன்ன இடம் தெரிகிறது. அதுவும் ஒரு தேயிலைத் தோட்டம்.

ஜல்பைகுரி மாவட்டம், பூட்டான் எல்லையோரம், 1897 ஆகஸ்ட். கதல்குரி தோட்டத்து மேலாளர் தன் படுக்கையில் கழுத்து அறுபட்டுக் கிடந்தார். அவருடைய காகிதப் பெட்டியும் இரும்புப் பெட்டியும் துழாவப்பட்டிருந்தன. சில நூறு ரூபாய் காணாமற்போயிருந்தது.

சந்தேகம் யார் மேல் முதலில் போயிருக்கும் என்று தோட்டப்புற வாழ்க்கை தெரிந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கூலிகள் மேல்தான். மேலாளர் கடுமையாக வேலை வாங்குகிறவர் என்று பெயர் எடுத்தவர். அதனால் தொழிலாளரில் ஒருவன் பழிதீர்த்திருப்பான் என்றார்கள். அடுத்து சமையல்காரர். அவர் உடுப்பில் இரத்தக் கறை இருந்தது. மேலாளரோடு உறவிலிருந்த ஒரு பெண்ணின் சொந்தக்காரர்கள் மேலும் கண் போனது. அக்கம்பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த காபூலிகளையும் விட்டுவைக்கவில்லை. கடைசியாக, திருட்டுக்காக மேலாளரே சிறைக்கு அனுப்பிய ஒரு பழைய வேலைக்காரனின் பேச்சும் அடிபட்டது. அவன் சில வாரங்களுக்கு முன்புதான் விடுதலையாகியிருந்தான், ஆனால் அந்த மாவட்டத்தில் அவனைப் பார்த்ததாகச் சொல்ல ஆளில்லை.

சமையல்காரர் சொன்னது எளிய விளக்கம்: எசமானின் இராத்திரிச் சாப்பாட்டுக்குப் புறா அறுத்தேன், அந்த இரத்தம். இப்படி ஒரு சொல்லை நம்புவதா வேண்டாமா என்பது அந்தக் காலத்தில் பெரும்பாலும் சொல்கிறவரின் தகுதியைப் பொறுத்தது. இங்கே கறை படிந்த துணி இரசாயனப் பரிசோதகரிடம் போனது. பறவையின் சிவப்பணு நீள்வட்டமாக, நடுவில் உட்கருவோடு இருக்கும். பாலூட்டிகளின் சிவப்பணுவில் உட்கரு இராது. உருப்பெருக்கிக்கு அடியில் இவ்வளவையும் அன்றே பிரித்துச் சொல்ல முடிந்தது. பரிசோதகரின் அறிக்கை சமையல்காரர் சொன்னதற்கு ஒத்துப்போனது. இந்த வழக்கைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ரேகையைப் பற்றியே எழுதுகிறார்கள். அந்தப் புறா இரத்தத்துக்கு நான் அதே அளவு மதிப்புக் கொடுப்பேன். ஓர் ஏழை வேலைக்காரரின் வார்த்தையை அறிவியல் உறுதிசெய்து, அவர் கழுத்திலிருந்து கயிற்றை எடுத்த கணம் அது.

பிறகுதான் பஞ்சாங்கம். காகிதப் பெட்டிக்குள் வங்க எழுத்தில் அச்சான ஒரு நாட்காட்டிப் புத்தகம் இருந்தது. அதன் வெளிர்நீல மேலட்டையில் மங்கலாக இரண்டு பழுப்புத் தீற்றல்கள். கண்ணாடி வைத்துப் பார்த்தபோது ஒன்றில் வலது கை விரல் ஒன்றின் வரிகள் கொஞ்சம் தெரிந்தன. கல்கத்தாவில் வங்கப் போலீசின் மைய அலுவலகத்தில், தண்டனை பெற்றவர்களின் பத்து விரல் ரேகைகளையும் வகைபிரித்து அடுக்கி வைத்திருந்தார்கள். அங்கே ஒப்பிட்டார்கள். அந்தப் பழைய வேலைக்காரன் காங்காலி சரணின் வலது கட்டைவிரலோடு பொருந்தியது. நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் பீர்பூம் மாவட்டத்தில் அவனைப் பிடித்து, மறுபடி ரேகை எடுத்துச் சரிபார்த்தார்கள். தீற்றல்கள் பாலூட்டி இரத்தம் என்று இரசாயனப் பரிசோதகர் சான்று கொடுத்தார். அது மனித இரத்தம்தானா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அதைப் பிரித்தறியும் சோதனையை ஜெர்மனியில் உலென்ஹுட் கண்டுபிடித்தது 1901-இல்தான். தனக்குத் தெரிந்த எல்லையோடு நின்றுகொண்ட அந்தச் சான்றை நினைக்கும்போது மரியாதை வருகிறது.

வழக்கு நீதிபதி முன்னிலையிலும், அவருக்குக் கருத்துச் சொல்ல அமர்த்தப்பட்ட அசெஸர்கள் முன்னிலையிலும் நடந்தது. கொலை, திருட்டு என இரண்டு குற்றச்சாட்டுகள். அசெஸர்கள் சொன்ன முடிவு இதுதான்: திருட்டு ஐயமின்றி நிரூபணமாகிவிட்டது. கொலையை யாரும் பார்க்கவில்லை, ஆகவே அதற்காகத் தண்டிப்பது பாதுகாப்பல்ல. காங்காலி சரண் திருட்டுக்காக மட்டும் தண்டிக்கப்பட்டான். மேல்முறையீட்டில் கல்கத்தா உயர் நீதிமன்றமும் 1898-இல் அதை உறுதிசெய்தது.

இரத்தம் தோய்ந்த விரல் அந்தப் பெட்டியைத் துழாவியது என்பதைத்தான் ரேகை சொல்கிறது. கத்தியைப் பிடித்தது யார் என்று அது சொல்லவில்லை. முதல் வழக்கிலேயே இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்ட அந்த அசெஸர்கள், பின்னால் வந்த பல நிபுணர்களைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள்.

அந்தத் தீற்றலை ஒப்பிட முடிந்தது, ஒப்பிட ஒரு பெட்டகம் இருந்ததால். உலகில் அதற்கு முன்பே ரேகை ஒரு கொலையைத் துலக்கியிருந்தது. 1892-இல் அர்ஜென்டினாவில் நெகோசேயா என்ற ஊரில், கதவில் பதிந்த இரத்தக் கட்டைவிரல் பிரான்சிஸ்கா ரோஜாஸ் என்ற தாயைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் ஊரில் சந்தேகத்துக்குரியவர் இரண்டு மூன்று பேர் என்றால் ஒப்பிடுவது எளிது. பல ஆயிரம் பேரின் ரேகைகளுக்குள் ஒன்றைத் தேடுவது எப்படி? அதற்கு விடை கல்கத்தாவில் கிடைத்தது.

நம் ஊர்ப் பாட்டிமார் குழந்தையின் விரல்களைப் பிரித்துப் பார்த்து எத்தனை சக்கரம், எத்தனை சங்கு என்று எண்ணுவார்கள். வைத்தீசுவரன்கோயிலில் நாடி சோதிடர் ஆணுக்கு வலது கட்டைவிரலும் பெண்ணுக்கு இடது கட்டைவிரலும் வாங்கித்தான் ஏடு தேடப் போவார். கல்கத்தாவில் செய்ததும் அடிப்படையில் சக்கரத்தை எண்ணுகிற வேலைதான். பத்து விரல்களையும் ஐந்து சோடியாக்கி, சக்கரம் விழுந்த விரலுக்கு மட்டும் மதிப்புக் கொடுத்தார்கள். முதல் சோடிக்கு 16, அடுத்தடுத்து 8, 4, 2, 1. சோடியில் ஒரு விரலின் மதிப்பு மேலே, மற்றதன் மதிப்பு கீழே. கூட்டி, இரண்டிலும் ஒன்று சேர்த்தால் ஒரு பின்னம் வரும். மேலே 32 வாய்ப்பு, கீழே 32 வாய்ப்பு, மொத்தம் 1,024 அறைகள். புதிதாக வரும் தாளைப் பார்த்ததும் எந்த அறையைத் திறக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கைப் போட்டவர் காஜி அஜிஸுல் ஹக். ரேகைக் குறிப்பைத் தந்தியில் அனுப்பும் முறைக்கு வழி செய்தவர் ஹேம் சந்திர போஸ். இருவரும் வங்கப் போலீசில் உதவி ஆய்வாளர்களாக இருந்தவர்கள். அவர்களுடைய மேலதிகாரி எட்வர்டு ஹென்றி, 1891 முதல் வங்கத்தின் போலீஸ் தலைவர். 1897 ஜூனில் இந்திய அரசு இந்த முறையை ஏற்றது. இரண்டே மாதத்தில் ஜல்பைகுரிக் கொலை. ஹக்குக்குக் கான் பகதூர் பட்டமும் போஸுக்கு ராய் பகதூர் பட்டமும் பிற்காலத்தில் கிடைத்தன. உலகம் அந்த முறையை இன்றும் ஹென்றி முறை என்றே அழைக்கிறது. தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர் ஒருவர், தேயிலைப் பொட்டலத்தில் பெயர் இன்னொருவருடையது என்று பழகிய நமக்கு இது புதிதல்ல என்றாலும், பழகிப்போனதால் ஓர் அநியாயம் நியாயமாகிவிடாது.

இன்னும் நாற்பது ஆண்டு பின்னால் போனால் ரேகையின் ஊற்றுக்கே வந்துவிடலாம். 1858 ஜூலையில் வங்கத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலைக்குக் கல் தருவதாக ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாயின் உள்ளங்கை முழுவதும் மை தடவித் தாளில் அழுத்தினார். குற்றம் எதுவும் அங்கே நடக்கவில்லை. 'இது என் கையெழுத்தில்லை' என்று பின்னால் மறுத்துவிடக் கூடாதே என்ற எண்ணம்தான். நாட்டார் வாக்கை நம்பாத ஓர் ஆட்சியின் பயத்தில் பிறந்தது அந்தப் பதிவு.

ஆகவே தொடக்கத்திலிருந்தே ரேகை இரண்டு வகை. ஒருவர் தன்னையறியாமல் விட்டுப்போகும் ரேகை ஒன்று. ஒருவரைப் பிடித்து வைக்கச் சொல்லும் ரேகை இன்னொன்று. முதலாவது ஒரு செயலின் தடம். இரண்டாவது ஒரு மனிதர் மேல் அரசுக்கு இருக்கும் பிடி. நீதிமன்றம் செய்வது இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. முதல் வகையைத் திரட்டுவதற்கு அறிவியல் வேண்டும். இரண்டாவது வகையை யாரிடம், எதற்காகத் திரட்டுகிறோம் என்பதற்கு நியாயம் வேண்டும். அறிவியலில் ரேகை வேகமாக முன்னேறியது. நியாயத்தில் அது பட்ட பாட்டைத் தமிழர்களின் வரலாற்றிலேயே படிக்கலாம்.

1900-இல் ஹென்றியைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1901-இல் அவர் லண்டன் ஸ்காட்லாந்து யார்டில் ரேகைப் பிரிவைத் தொடங்கினார். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் அவர் விட்டுவந்த முறை, ஆசியர்கள் எல்லோரும் ரேகை பதிந்து சான்று வாங்க வேண்டும் என்ற சட்டமாக 1906-1907-இல் எழுந்தது. பத்து விரல் ரேகை குற்றவாளிகளிடம் வாங்குவது என்பதை காந்தி ஹென்றியின் புத்தகத்தைப் படித்தே தெரிந்துகொண்டார். 1906 செப்டம்பர் 11-இல் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் நாடகக் கொட்டகையில் இந்தியர்கள் கூடி எடுத்த உறுதிமொழியிலிருந்துதான் சத்தியாக்கிரகம் வளர்ந்தது. சிறை நிரப்பியவர்களில் தமிழர்கள் முன்னால் நின்றார்கள். 1908-இல் சமரசம் ஏற்பட்டு, தாமாக முன்வந்து ரேகை கொடுக்கலாம் என்று காந்தி ஒப்புக்கொண்டபோது, பிப்ரவரி 10 அன்று பதிவு அலுவலகத்துக்குப் போகும் வழியில் அவரை அடித்து வீழ்த்தியவர்கள் இந்தியர்களே. உடன் போன தம்பி நாயுடுவும் காயப்பட்டார். ஒரு விரல் நுனியை மையில் தோய்ப்பதற்கு இத்தனை கோபமா என்று கேட்கிறவர்கள், குற்றம் செய்யாமலே குற்றவாளியின் பெட்டகத்தில் தங்கள் பெயர் ஏறுவதைக் கற்பனை செய்து பார்க்கவில்லை.

மதுரைச் சீமையில் அந்தக் கோபம் உயிர்களைக் கொண்டுபோனது. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு அங்கே மக்கள் வைத்த பெயர் கைரேகைச் சட்டம். பிறந்த சாதியைக் காரணமாக வைத்து ஆண்களைப் பதிவு செய்து, ரேகை வாங்கி, இராத்திரியில் காவல் நிலையத்தில் படுக்கச் சொன்ன சட்டம். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஜல்பைகுரியில் கூலிகளைச் சந்தேகத்திலிருந்து விடுவித்த அதே மை, இருபத்து மூன்றே ஆண்டில் ஓர் ஊரையே சந்தேகத்துக்குள் தள்ளும் மையாகிவிட்டது.

அந்தக் காலத்தில்தான் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆட்கள் மலாயாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கங்காணி ஊருக்கு வந்து பேசி அழைத்துப்போவார். ஆவடியிலோ நாகையிலோ முகாமில் வைத்து உடம்பு பார்ப்பார்கள். பினாங்கில் இறங்கினால் நோய்த்தடுப்பு முகாம், பிறகு தோட்டம். அவர்களில் ஒரு பகுதியினர் தாப்பாவிலிருந்து மேலேறி வந்தவர்கள். வில்லியம் கேமரன் 1885-இல் அளந்து எழுதிய பீடபூமி நாற்பது ஆண்டுக்கும் மேல் காடாகவே கிடந்தது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் அகர்வால் குடும்பத்தின் பாரத் தோட்டம். சரிவில் காடு வெட்டி, கன்று நட்டு, லயம் கட்டிக் குடியேறியவர்கள் தமிழர்கள். 1938-இல் இந்திய அரசு தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியபோது, வந்தவர்கள் வந்த இடத்திலேயே வேர் பிடித்திருந்தார்கள்.

ஆளோடு சட்டமும் வந்தது. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் 1872-இல் இந்தியாவுக்காக எழுதிய சாட்சியச் சட்டத்தில், நிபுணர் கருத்தைப் பற்றிப் பேசுவது 45-ஆம் பிரிவு. கதல்குரி வழக்கு முடிந்த மறு ஆண்டு, 1899-இல், அந்தப் பிரிவில் விரல் ரேகையையும் சேர்த்தார்கள். மலேசியாவின் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் ஸ்டீபனின் சட்டத்தைத் தழுவியது. அதிலும் நிபுணர் கருத்து 45-ஆம் பிரிவுதான், அதிலும் விரல் ரேகை உண்டு. கேமரன் மலையில் நடந்த ஒரு திருட்டுக்காகப் பகாங் நீதிமன்றத்தில் இன்று ரேகை நிபுணர் சாட்சிக் கூண்டில் ஏறினால், எண் கூட மாறாத அந்தப் பிரிவின் கீழ்தான் பேசுகிறார்.

1948 ஜூனில் அவசரகாலம் பிறந்தது. கேமரன் மலைக் காடுகள் கம்யூனிஸ்டுப் படையினர் நடமாடிய பகுதி. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் புகைப்படமும் கட்டைவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமானது. மலாயா முழுவதும் மக்கள் ஒருசேர ரேகை வைத்தது அப்போதுதான். காட்டுக்காரர்கள் அட்டையைப் பிடுங்கிக் கொளுத்தினார்கள். அட்டை இல்லாமல் சாலையில் அகப்பட்டால் போலீஸ் விடாது. இரண்டு துப்பாக்கிக்கும் நடுவே கொழுந்துக் கூடையோடு நின்றவர்களுக்கு அந்தத் தாள் துண்டு உயிர்ச்சீட்டாக இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு அட்டையின் நிறம் வாழ்க்கையை முடிவு செய்தது. நீல ஐசி என்றால் குடிமகன். சிவப்பு ஐசி என்றால் நிரந்தர வசிப்பு மட்டும். 1968-இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் வேலை அனுமதிச் சீட்டு கேட்கத் தொடங்கியபோது, பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் பிள்ளை குட்டிகளோடு கப்பலேறினார்கள். இருந்தவர்களில் பலருக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை, தாய் தகப்பன் மணப்பதிவு இல்லை. 2011-இல் 'மைடஃப்தார்' என்ற பெயரில் ஆவணமில்லா இந்தியர்களைத் தேடிப் பதிவு செய்யும் இயக்கம் நடத்த வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லும். எனக்கு இதில் ஆறாத ஒன்று உண்டு. சம்பளப் பேரேட்டில் ஆண்டுக்கணக்காக ரேகை வைத்தவர்களை, தோட்டத்துக் கணக்குக்குத் தெரியும். நாட்டுக்குத் தெரியவில்லை. கடன் வாங்கியபோது ஆளை உறுதி செய்த அதே விரல், குடியுரிமை கேட்டபோது எதையும் உறுதி செய்யவில்லை.

2001-இல் மைகார்டு வந்தது. இரண்டு கட்டைவிரல்களின் ரேகைப் புள்ளிகளும் அட்டைச் சில்லுக்குள் போயின. அதோடு ஒரு புதிய சங்கடமும் வந்தது. ரேகை தாயின் வயிற்றில் ஆறாம் மாதத்துக்குள் உருவாகிவிடும். தோலின் உள்ளடுக்கில் அதன் அச்சு இருப்பதால், மேல்தோல் உரிந்தாலும் அதே வரிகள் மறுபடி முளைக்கும். ஆனால் வாழ்நாள் முழுதும் மண்ணிலும் பிசினிலும் மருந்துத் தண்ணீரிலும் ஊறிய கையில், மேல்வரிகள் கருவி படிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்துவிடுவதுண்டு. வயதானால் தோலும் மெலிந்துவிடும். கருவி திரும்பத் திரும்பச் 'சரியில்லை' என்று காட்டும்போது, முகப்பில் இருப்பவர் சலித்துக்கொள்வார், பின்னால் நிற்பவர்கள் நகர்வார்கள், பாட்டி கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைப்பார். தேய்ந்தது அந்தத் தோட்டத்து வேலையில்தான் என்பதை முகப்பில் இருப்பவர்கள் நினைவில் வைத்துக்கொண்டு, அட்டையையும் முகத்தையும் பார்த்து வேலையை முடித்துக்கொடுக்கலாம்.

இனி குற்ற இடத்துக்கு வருவோம். கேமரன் மலையின் புகழ்பெற்ற வழக்கில் எடுக்க ஒரு ரேகையும் இல்லை. தாய்லாந்துப் பட்டுக்கு உலகில் பெயர் வாங்கித்தந்த அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறன்று மாலை தானா ராத்தா அருகே 'மூன்லைட்' பங்களாவிலிருந்து நடந்து போனார், திரும்பவில்லை. போலீசார், படைவீரர்கள், ஒராங் அஸ்லி பழங்குடி வழிகாட்டிகள், பொமோ எனும் மலாய் மாந்திரீகர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் காட்டைச் சலித்தார்கள். அவர் சிகரெட்டை விட்டுவிட்டுப் போனது தெரிந்தது. மற்றபடி ஒன்றுமில்லை. பாசி படர்ந்த மரமும் ஈர இலையும் மழையும் எந்த விரலையும் ஏந்தி வைப்பதில்லை. 1974-இல் சட்டப்படி அவர் இறந்தவராக அறிவிக்கப்பட்டார்.

வீடும் கடையும் தொழிற்சாலையும் வேறு. வண்ணம் பூசிய கதவு, கண்ணாடி, தகரப் பெட்டி, கார் கைப்பிடி ஆகியவற்றில் வியர்வையும் எண்ணெயும் கலந்த தடம் ஒட்டும். மெல்லிய தூரிகையால் பொடி தூவி, படமெடுத்து, ஒட்டுநாடாவால் உரித்து அட்டையில் ஒட்டுவார்கள். காகிதமானால் நின்ஹைட்ரின், 1954-இல் சுவீடன்காரர்கள் குற்றவியலுக்குக் கொண்டுவந்த இரசாயனம். வியர்வையின் அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதாவாக மாறும். வழுவழுப்பான பிளாஸ்டிக்குக்கு சூப்பர் குளூ ஆவி. மலைக்குளிரும் ஈரமும் நிறைந்த இடத்தில் இவை எல்லாவற்றிலும் நேரம் முக்கியம். முதலில் வந்த காவலர் கையுறை இல்லாமல் கதவைத் தள்ளிவிட்டால், அல்லது ஊர் திரண்டு உள்ளே நுழைந்து பார்த்துவிட்டால், ஆய்வகத்தில் எத்தனை நுட்பம் இருந்தும் பயனில்லை.

அந்த அட்டை பிறகு பயணப்படுகிறது. கேமரன் மலை பகாங்கைச் சேர்ந்தது, ஆனால் பழைய மலைப்பாதை இறங்குவது பேராக் மாநிலத்துத் தாப்பாவில். மாநிலப் போலீஸ் தலைமையகம் நாட்டின் மறுபக்கம், குவாந்தானில். உறையில் முத்திரை, யார் எடுத்தது, எப்போது, யார் கைக்கு மாறியது என்று ஒவ்வொரு இடத்திலும் குறிப்பு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் கெட்டிக்கார வழக்கறிஞர் அதில்தான் கை வைப்பார், வைக்கவும் வேண்டும். மறுமுனையில் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனை பெற்றவர்களின் ரேகைகளைப் பராமரிக்கும் பதிவகம் இருக்கிறது. ஹக்கின் 1,024 அறைகள் செய்ததை இப்போது கணினி சில நொடியில் செய்கிறது. கணினி தருவது பொருந்தக்கூடியவர்களின் பட்டியல் மட்டுமே. இவர்தான் என்று கடைசியில் சொல்வது ஒரு மனிதரின் கண்.

அந்தக் கண் பிழை செய்யும். 2004 மார்ச் 11-இல் மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்தது. வெடிப்பிகள் இருந்த பையில் கிடைத்த ஒரு ரேகை, அமெரிக்காவின் ஓரிகன் மாநில வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டுடையது என்று எஃப்பிஐயின் மூன்று நிபுணர்கள் சொன்னார்கள். அவர் தரப்புக்காக நீதிமன்றம் அமர்த்திய நிபுணரும் அப்படியே சொன்னார். மேஃபீல்டு இஸ்லாத்துக்கு மாறியவர் என்பது சந்தேகத்தை இன்னும் இறுக்கியது. இரண்டு வாரச் சிறைக்குப் பிறகு, ரேகை வேறொருவருடையது என்று ஸ்பெயின் போலீஸ் கண்டுபிடித்தது. அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு 20 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது. அவர் ரேகை பெட்டகத்தில் இருந்ததற்குக் காரணம் குற்றம் அல்ல, முன்பு இராணுவத்தில் வேலை பார்த்தது. 2016-இல் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு, எஃப்பிஐயின் சொந்த ஆய்வையே வைத்து, பொய்ப் பொருத்தத்தின் விகிதம் 306-க்கு ஒன்று வரை இருக்கக்கூடும் என்று கணக்கிட்டது. 'தவறே வராது' என்று சாட்சிக் கூண்டில் நின்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு துறைக்கு இது பெரிய அடி. நல்ல அடி.

இதை அமெரிக்கச் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. கேமரன் மலைத் தோட்டங்களில் இன்று கொழுந்து வெட்டும் கத்தரியைப் பிடித்திருப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்தார், நேப்பாளத்தார், இந்தோனேசியர். 2011-இல் நடந்த பெரும் பதிவில் நாடு முழுவதும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அந்நியத் தொழிலாளர்களின் விரல்கள் கருவியில் ஏறின. குற்றம் செய்ததற்காக அல்ல, வேலைக்கு வந்ததற்காக. ஏதாவது ஒரு பங்களாவில் திருட்டு என்றால் ஊர்ப் பேச்சு முதலில் போவது அவர்கள் குடியிருப்புப் பக்கம். நம் தாத்தாக்கள் நின்ற இடத்தில் இப்போது அவர்கள் நிற்கிறார்கள். இதைச் சொல்லத் தமிழனுக்கு உரிமையும் கடமையும் உண்டு என்று நினைக்கிறேன். கூலி என்றால் முதல் சந்தேகம் என்பது என்ன வலி என்று நமக்குத் தெரியும்.

ஒரு தோட்டத் தொழிலாளியின் மேல் ரேகைச் சாட்சியம் வந்தால், அவருக்காகப் பேசுகிறவர் சில கேள்விகளை விடாமல் கேட்க வேண்டும். எந்தப் பொருளில் இருந்தது, எந்த இடத்தில், எந்தத் திசையில்? அந்தப் பொருளை வேலை நிமித்தமாக அவர் முன்பே தொட்டிருக்க வாய்ப்பு உண்டா? ஜன்னல் துடைக்கிறவரின் ரேகை ஜன்னலில் இருக்கத்தான் செய்யும். எத்தனை நுண்புள்ளிகள் பொருந்தின, பொருந்தாதவை எவை? இரண்டாவது நிபுணர் முதலாமவரின் முடிவு தெரியாமல் பார்த்தாரா, தெரிந்து பார்த்தாரா? மேஃபீல்டு வழக்கில் விழுந்த ஓட்டை இதுதான். ஒருவர் 'ஆம்' என்று சொன்னதைத் தெரிந்துகொண்டு மற்றவர்கள் பார்த்தார்கள்.

இந்தக் கேள்விகளைக் கேட்க ஆள் வேண்டும். 2011-இல் தொடங்கிய தேசிய சட்ட உதவி அறவாரியம் மலேசியக் குடிமக்களை மனத்தில் வைத்து எழுந்தது. சில்ஹெட்டிலிருந்தோ லோம்போக்கிலிருந்தோ வந்த ஒருவர் மலாய்மொழி அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாமலே கையொப்பம் போடுகிற நிலை வரக் கூடாது. கைது செய்த முதல் நாளே அவர் மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளரும், ரேகை அறிக்கையை வாசிக்கத் தெரிந்த வழக்கறிஞரும் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அதற்கான செலவை, அவரை வேலைக்கு அழைத்து வரும்போது வரி வாங்குகிற அரசும் அவர் உழைப்பில் தேயிலை விற்கிற முதலாளியும் ஏற்க வேண்டும். தோட்டத் தொழிலாளர் சங்கமும் வழக்கறிஞர் மன்றமும் இதை அடுத்த கோரிக்கைப் பட்டியலிலேயே வைக்கலாம்.